நான் கேட்டு வாங்கிய ஜன்னலோரக் கட்டில்

சுனாமி வந்து போன மூன்றாம் வருடம், மாசி மாதம். எங்களுக்குக் காரைக்கால் பக்கத்தில் நெரவி. நான் தினமும் பஸ் ஏறிக் காரைக்காலுக்குப் போய் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு விவசாயம். அந்த வருடம் சம்பா அறுவடை முடிந்து, களத்திலிருந்து மூட்டைகளை ஏற்ற ஆள் போதவில்லை என்று இவரே நாலைந்து மூட்டையைத் தூக்கிப் போட்டிருக்கிறார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அடிவயிற்றில் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும். இருமினால் வெளியே வந்து நிற்கும்.

"ஒண்ணும் இல்ல, வாயுப்பிடிப்பு" என்று பத்து நாள் ஓட்டினார். வலி தாங்க முடியாமல் ஒருநாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று பக்கத்து வயல்காரர் வந்து சொன்ன பிறகுதான், காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். குடலிறக்கம் என்றார் டாக்டர். தள்ளிப் போடாமல் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்றார். ஒரு நாள் முன்னதாகவே சேர்ந்துவிடச் சொன்னதால், துணிமணி, பிளாஸ்க், பாய் எல்லாம் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்ச் சேர்ந்தோம்.

தனி அறை எதுவும் காலியாக இல்லை. எட்டுக் கட்டில் போட்ட பொது வார்டில்தான் இடம் கிடைத்தது. இரண்டு வரிசை, எதிரும் புதிருமாக நான்கு நான்கு கட்டில். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நம்பர் எழுதிய தகரமும், நோயாளியின் சீட்டு செருகிய அட்டையும் தொங்கும். எங்களுக்குக் கதவை ஒட்டிய வரிசையில் இரண்டாம் நம்பர்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மீனவர். வலையிலிருந்து திருக்கை மீனைக் கழற்றும்போது அதன் முள் கணுக்காலில் ஏறி, சீழ் பிடித்து, முழங்கால் வரை வீங்கிப்போய்ப் படுத்திருந்தார். அவருக்குத் துணையாக இருந்தவர் அவருடைய மனைவி. மண்டபத்தூர்க்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார், முப்பத்தைந்துக்குள். கூடை தூக்கி மீன் விற்கிறவர். பள்ளிக்கூடமே போகாதவர். இந்த அனுபவமே அவரைப் பற்றியதுதான்.

வார்டுக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் அவர் எனக்கு எரிச்சல் மூட்ட ஆரம்பித்துவிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காரணம், அவர் கேட்ட கேள்விகள். நர்ஸ் ஒரு மாத்திரையைக் கொடுத்தால் மற்றவர்கள் எல்லாம் கையை நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். இவர் மட்டும் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்.

"சிஸ்டரம்மா, இது எதுக்கு?"

"வலிக்கும்மா."

"நேத்து வலிக்குன்னு குடுத்தது மஞ்சளா, நீட்டமா இருந்துச்சு. இது வெள்ளையா, உருண்டையா இருக்கே?"

"கம்பெனி வேற. மருந்து ஒண்ணுதான்."

"அப்பச் சரிங்க. கோச்சுக்காதீங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, கேட்டாத்தான் தெரியும்."

ஊசி வந்தாலும் இதே கதைதான். என்ன ஊசி, எதற்கு, எத்தனை நாள் போட வேண்டும். போதாததற்குக் கணவரின் பெயரை அவரே உரக்கச் சொல்லி, அவருடைய அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லி, "அவுங்களுக்குத்தானே?" என்று உறுதி செய்துகொள்வார். தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளை எறியாமல் ஒரு பழைய டிபன் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். நர்ஸ்களில் சிலர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். சிலருக்கு முகம் சுருங்கும். முகம் சுருங்கினாலும் இவர் கேட்பதை நிறுத்த மாட்டார், அதே சமயம் குரலும் உயராது.

எனக்கோ, படித்தவர்கள் வேலை செய்யும் இடத்தில் இப்படி நச்சரிப்பது பெரிய அநாகரிகமாகத் தோன்றியது. சேரும்போது எங்களிடம் நாலைந்து தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு வரிகூடப் படிக்காமல் மடமடவென்று போட்டுக் கொடுத்தேன். அதைப் பெருமையாகவும் நினைத்துக்கொண்டேன். நாம் விவரம் தெரிந்தவர்கள், தொந்தரவு தராதவர்கள் என்று.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். டிரெஸ்ஸிங் செய்ய வந்த நர்ஸிடம் அந்தப் பெண் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என் கணவருக்கோ அப்போதுதான் கண் அசந்திருந்தது. நர்ஸ் போனதும் நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, அவங்கல்லாம் படிச்சுட்டு வந்தவங்க. நீ ஒவ்வொண்ணையும் இப்படிக் குடைஞ்சுக்கிட்டே இருந்தா அவங்க எப்ப வேலை பாக்குறது? சொன்னா மட்டும் உனக்குப் புரிஞ்சுடப் போகுதா?"

வார்டில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை.

"புரியாதுதாங்க்கா. ஆனா மாறியிருந்தா தெரிஞ்சுரும்ல்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டு, கணவரின் காலுக்கடியில் தலையணையைச் சரி செய்யப் போய்விட்டார்.

நான் அவரை 'நீ' என்றேன். அவர் என்னை 'அக்கா' என்றார். அந்த வித்தியாசம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை. இனிமேல் இவர் பக்கத்தில் இருக்க முடியாது என்றுதான் தோன்றியது.

எதிர் வரிசையில் ஜன்னலோரமாக ஆறாம் நம்பர் கட்டில். குரும்பகரத்துப் பெரியவர் ஒருவர் அதில் இருந்தார். சர்க்கரை வியாதிக்காரர், பாதத்தில் ஆறாத புண். மகன் வேலைக்குப் போய்விட்டு மதியத்தில்தான் எட்டிப் பார்ப்பார். அவரிடம் போய், "ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கு ஆபரேஷன். கொஞ்சம் காத்து வந்தா நல்லாருக்கும். நீங்க அந்தக் கட்டிலுக்கு மாறிக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "அதுக்கென்னம்மா, கதவுப் பக்கம்னா பாத்ரூமும் எனக்குக் கிட்டதான்" என்று எழுந்துவிட்டார்.

சாயங்காலம் நர்ஸ்கள் டியூட்டி மாறுகிற நேரம். நர்ஸிடம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று வார்டு ஆயாவைப் பிடித்துக் காரியத்தை முடித்தேன். போர்வை, தலையணை, பை, சொம்பு எல்லாம் இங்கிருந்து அங்கே போயின, அங்கிருந்து இங்கே வந்தன. கால்மாட்டில் தொங்கிய அட்டைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. ஆயாவுக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஃபைல்களை வரிசை நம்பர் மாறாமல் அடுக்குவதுதான் என் வேலையே. ஆனாலும் தோன்றவில்லை.

சாயங்கால டியூட்டி நர்ஸ் அந்தப் பெரியவருக்குப் பல நாளாக ஊசி போடுகிறவர். அவர் அட்டையையோ நம்பரையோ பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்து, "என்ன தாத்தா, இங்க வந்துட்டீங்க?" என்று கேட்டபடியே ஊசியைப் போட்டுவிட்டுப் போனார். அதனால் அப்போது ஒன்றும் நடக்கவில்லை.

என் கணவர் எட்டு மணிக்குக் கொஞ்சம் கஞ்சி குடித்தார். அதற்குமேல் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள்.

மறுநாள் காலை ஏழரை மணி. ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம். ஆபரேஷன் பத்தரைக்கு என்று சொல்லியிருந்தார்கள். பயமும் பசியுமாக இவர் சுருண்டு படுத்திருந்தார். நான் அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே பெரியவர் இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசி போட்டால்தான் அவர் சாப்பிட முடியும். பொட்டலத்தை வாங்கி வந்து கொடுத்ததே அந்த மண்டபத்தூர்ப் பெண்தான். "ஏன் இன்னும் சிஸ்டரைக் காணோம்? பெரியவரு எவ்வளவு நேரந்தான் பசியோட இருப்பாங்க" என்று அவர் இரண்டு தடவை வாசலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததை நானும் கவனித்தேன். இவருக்கு இது வேறு வேலையா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சிறிது நேரத்தில் ஒரு நர்ஸ் தட்டோடு உள்ளே வந்தார். நாங்கள் அதுவரை பார்க்காத முகம். லீவு முடிந்து அன்று காலைதான் டியூட்டிக்கு வந்தவர் என்று பிறகு தெரிந்தது. சின்னப் பெண். கையிலிருந்த தாளைப் பார்த்தார், கட்டில் நம்பரைப் பார்த்தார், நேராக எங்களிடம் வந்தார்.

"ஊசி போடணும் ஐயா. சட்டையைத் தூக்குங்க."

ஆபரேஷனுக்கு முன்னால் போடுகிற ஊசி என்று நானாக நினைத்துக்கொண்டேன். என்ன ஊசி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது மட்டுமல்ல, சோம்பலாகக் கையைத் தூக்கிய இவருடைய சட்டையை நானே மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் தொப்புளுக்குப் பக்கத்தில் பஞ்சால் துடைத்தார். விரல் நீளம்கூட இல்லாத சின்ன ஊசி. மூடியைக் கழற்றிவிட்டார்.

"சிஸ்டரம்மா, செத்த நில்லுங்க!"

வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல். அந்தப் பெண் சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எதிர் வரிசையிலிருந்து ஓடி வந்தார். வந்த வேகத்தில் வழியிலிருந்த முக்காலியைத் தட்டிவிட்டார். நர்ஸ் கையை நிறுத்தி, "நீங்க ஏம்மா இங்க வர்றீங்க? உங்க பேஷண்டைப் போய்ப் பாருங்க" என்றார்.

நானும் சேர்ந்துகொண்டேன். "இங்கேயும் வந்துட்டியா" என்று என் வாயிலிருந்து வந்தே விட்டது.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நர்ஸின் கையிலிருந்த ஊசியையே பார்த்தார்.

"கோச்சுக்காதீங்க. அது சக்கர ஊசிதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"சக்கர ஊசின்னா, அந்தா இட்லிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அந்தப் பெரியவருக்குங்க. இவுங்களுக்குச் சக்கரையே கெடையாது. ஆபரேஷனுக்கு வெறும் வயித்தோட கெடக்குறாங்க. நேத்துதான் ரெண்டு பேரும் கட்டில் மாத்திக்கிட்டாங்க."

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு என் கணவரிடம், "ஐயா, உங்க பேரு என்ன?" என்று கேட்டார். இவர் சொன்னார். நர்ஸ் தாளைப் பார்த்தார். மறுபடி ஒருமுறை கேட்டார். இவர் மறுபடி சொன்னார். அந்தச் சின்னப் பெண்ணின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்து போனதை நான் பார்த்தேன். என் கை இன்னும் அந்தச் சட்டையைப் பிடித்தபடியே இருந்தது.

இந்த இடத்தில் அந்த நர்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவர் நினைத்திருந்தால், "சரி சரி, போங்க" என்று சமாளித்துவிட்டு அந்த ஊசியை உரியவருக்குப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். ஊசி குத்தவே இல்லை. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. டாக்டருக்குத் தெரியவே தெரியாது. அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த ஊசியைத் தனியாக ஒதுக்கி வைத்தார். பெரியவரிடம் போய் அவர் பெயரைக் கேட்டார், தாளில் சரி பார்த்தார், புதிதாக ஒரு ஊசி எடுத்து வந்து போட்டார், "இப்ப சாப்பிடுங்க தாத்தா" என்றார். பிறகு அந்த மீனவப் பெண்ணின் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிங்க அக்கா" என்றார். அதன் பிறகு யாரும் சொல்லாமல் தானாகவே போய் டாக்டரை அழைத்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். எங்கள் கட்டில் அருகே வந்து நின்றதும் நர்ஸ் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

"என் தப்புதான் சார். பேரைக் கேக்காம கட்டில் நம்பரை மட்டும் பாத்து இன்சுலின் போடப் போயிட்டேன். இந்த அக்கா தடுக்கலைன்னா போட்டிருப்பேன்."

ஒரு வார்த்தையையும் அவர் விழுங்கவில்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பி நிதானமாக விளக்கினார். சர்க்கரை இல்லாத ஆளுக்கு, அதுவும் முந்தின ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவருக்கு அந்த அளவு மருந்து உள்ளே போயிருந்தால், ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கியிருக்கும். வேர்த்துக் கொட்டி, நினைவு தப்பி, வலிப்புகூட வந்திருக்கலாம். "மயக்கமா கெடந்தா, ஆபரேஷன் பயத்துல அசந்து தூங்குறாருன்னு நீங்க நெனச்சிருப்பீங்க. என்ன காரணம்னு நாங்க வேற எதையோ தேடிக்கிட்டு இருந்திருப்போம். நேரம் போயிருக்கும்மா" என்றார்.

நர்ஸ் தலை குனிந்து நின்றார். டாக்டர் அவரைத் திட்டவில்லை. "கட்டில் எப்படி மாறுச்சு?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான் பேசாமல் இருந்தேன்.

இதை எழுதும்போதுகூட வெட்கமாகத்தான் இருக்கிறது. வாயைத் திறந்து சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அலுவலகத்தில் தப்பு என்றால் யார் தலையில் விழும் என்று பார்த்துப் பழகிய புத்தி, என் வாயைப் பூட்டிவிட்டது. மீனவப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும். அவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. டாக்டர் நர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அப்போது என் கணவர் என்னைப் பார்த்தார்.

"சார்," என்றேன். "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. நான்தான் கட்டிலை மாத்துனேன். சிஸ்டர்கிட்ட சொல்லாம ஆயாவை வச்சு மாத்துனேன். அட்டையை மாத்தணும்னு தோணல."

டாக்டர் திரும்பி வந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். "நல்லவேளை சொன்னீங்க. இல்லைன்னா எங்கே ஓட்டைன்னே தெரிஞ்சிருக்காது" என்றார். பிறகு நர்ஸிடம், "நம்பரை இனிமே பாக்காதே. பேரைக் கேளு. நாம பேரைச் சொல்லி ஆமாவான்னு கேக்கக் கூடாது, அவங்க வாயாலதான் பேரைச் சொல்லணும்" என்றார். வார்டில் இருந்த எல்லோருடைய மணிக்கட்டிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதிவிடச் சொன்னார்.

அப்போதும் அந்த மண்டபத்தூர்ப் பெண் சும்மா இருக்கவில்லை. "சார், எழுதிட்டா எனக்கு வாசிக்கத் தெரியாதே. சிஸ்டரம்மா சத்தமா வாசிச்சுட்டே போடச் சொல்லுங்க" என்றார். அதுவரை இறுகிப் போயிருந்த வார்டு முழுவதும் சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டு, "சரிம்மா, உங்களுக்காகச் சத்தமாவே வாசிக்கச் சொல்றேன்" என்றார்.

பத்து மணிக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. கூடவே நடந்து போகும்போது அந்தப் பெண் என் காதருகே வந்து, "அக்கா, உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம்னு ஒரு வார்த்த கேட்டுருங்க. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். முந்தின நாளாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. தியேட்டர் வாசலில் டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"சார், எந்தப் பக்கம்னு..."

"வலது பக்கம். நீங்களே காட்டுங்க பாப்போம்" என்றார். இவர் கையால் தொட்டுக் காட்டினார். டாக்டர் பேனாவை எடுத்து அந்த இடத்தில் ஒரு குறி போட்டார். "இப்படிக் கேளுங்கம்மா. கேக்குற ஆள் பக்கத்துல இருந்தா எங்களுக்கும் தைரியம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் இவரைத் திரும்ப வார்டுக்குக் கொண்டு வந்து படுக்க வைத்தார்கள். வலியில் முனகினாலும் பேசினார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. நேராக எதிர் வரிசைக்குப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நேத்து உங்களை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இன்னைக்குக் காலையிலயும் பேசிட்டேன். மன்னிச்சுடுங்க."

'நீங்க' என்று நான் சொன்னதை அவர் கவனித்தாரோ என்னவோ. "அட போங்க்கா. பெரியவரு ஊசிக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க. ஊசி அந்தப் பக்கம் போகுதேன்னுதான் நான் ஓடியாந்தேன். நீங்க பேசுனதெல்லாம் யாரு நெனச்சுக்கிட்டு இருக்குறது" என்றார். கையில் வைத்திருந்த சாத்துக்குடியை உரித்து எனக்கு இரண்டு சுளை கொடுத்தார்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். இரண்டு வருடம் முன்பு வேறொரு இடத்தில் அவர் கணவர் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போயிருக்கிறார். அதே பெயரில் இன்னொருவரும் வரிசையில் இருந்திருக்கிறார். சீட்டு மாறிவிட்டது. ரத்தக் கொதிப்பு மாத்திரையை மூன்று நாள் விழுங்கிவிட்டு, படகைத் தள்ளும்போது தலை சுற்றி அலையிலேயே விழுந்திருக்கிறார். கரையில் ஆட்கள் இருந்ததால் தூக்கிவிட்டார்கள்.

"எங்க ஊர்லயே அந்தப் பேரு எட்டுப் பேருக்கு இருக்குங்க்கா. அதான் அவுங்க அப்பா பேரையும் சேத்துச் சொல்லுவேன்" என்று சிரித்தார்.

"மருந்து குடுத்தவங்களோட சண்டை போடலையா?" என்று கேட்டேன்.

"சண்ட போட்டு என்னா ஆவப் போவுது? வேணும்னா பண்ணுனாங்க? அன்னிக்கு அம்புட்டுக் கூட்டம். ஒத்த ஆளு எத்தன பேர பாப்பாங்க? அவுங்களும் மனுசங்கதானே, கை மாறிப் போயிரும். நம்ம ஆள நாமதான் பாத்துக்கணும்."

அவர் எல்லாவற்றையும் நினைவிலேயே வைத்திருந்தார். மாத்திரையின் நிறம், வடிவம், எத்தனை மணிக்கு எது, எந்த ஊசி கையில், எந்த ஊசி இடுப்பில். மீன் விற்கப் போகும்போது எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு என்ன மீன் பிடிக்கும் என்று மனதில் வைத்துக்கொள்கிற மாதிரிதான் இதுவும் என்றார். தன் ஆளுக்கு மட்டுமல்ல, அந்த வார்டில் துணைக்கு ஆள் இல்லாத அந்தப் பெரியவருக்கும் சேர்த்து அவர் கணக்காக வைத்திருந்ததால்தான், ஊசி இடம் மாறிப் போனது அவர் கண்ணில் பட்டது. நான் பட்டப்படிப்பு படித்தவள். என் கண்ணெதிரே, என் கைக்குள்ளேயே நடந்தது எனக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவரைப் பார்க்க வந்திருந்த என் தம்பி எங்களை அழைத்துப் போனான். அந்தப் பெண் வாசல் வரை வந்து வழியனுப்பினார். மருந்துப் பையைத் திறந்து காட்டச் சொல்லி, ஒவ்வொன்றும் எதற்கு என்று என்னை ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் விட்டார். ஒரு மாத்திரைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. திரும்ப உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து என் தம்பி மனைவி பிரசவத்துக்காக அதே மருத்துவமனையில் சேர்ந்திருந்தாள். பார்க்கப் போனபோது வராண்டாவில் அந்த நர்ஸ் இருந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த மூன்று பெண்களை நிறுத்தி வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கடந்து போகும்போது காதில் விழுந்தது. "நான் ஒரு தடவை இன்சுலினை வேற ஆளுக்குப் போட இருந்தேன். மண்டபத்தூர்லேந்து வந்திருந்த ஒரு அக்கா ஓடி வந்து தடுத்தாங்க. யாராவது கேள்வி கேட்டா மூஞ்சியைச் சுளிக்காதீங்க, நின்னு பதில் சொல்லுங்க" என்று, தன் தப்பைத் தானே எடுத்து அவர்கள் முன்னால் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்? நான் என் அலுவலகத்தில் இருபது வருடமாக ஒரு தப்பையும் அப்படிச் சொன்னதில்லை. நின்று பேசலாம் என்று நினைத்தேன், அவர் பேச்சைக் கெடுக்க வேண்டாம் என்று கையை மட்டும் உயர்த்திக் காட்டினேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. சிரித்தார்.

அந்த மண்டபத்தூர்ப் பெண்ணைத்தான் அதன் பிறகு நான் பார்க்கவே இல்லை. இரண்டு முறை அந்த ஊருக்குப் போய் விசாரித்தேன். அவர் கணவரின் பெயரில் பலர் இருந்தார்கள், அப்பா பெயர் எனக்கு நினைவில்லை. கடலோரத் தெருவில் இருந்தவர்களில் பலர் சுனாமி வீடு கிடைத்து வேறு பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் இப்போதும் போகிறேன். இவருக்காக, எனக்காக, உறவினர்களுக்காக. என்ன மருந்து, எதற்கு, யாருக்கு என்று கேட்கிறேன். நர்ஸ் சோர்ந்து போயிருந்தால் முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, பிறகு மருந்தைப் பற்றிக் கேட்கிறேன். பக்கத்துக் கட்டிலில் துணை இல்லாமல் யாராவது படுத்திருந்தால் அவருடைய மருந்தையும் கவனித்துக்கொள்கிறேன். இன்று என் கணவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், தன்னை அவமதித்தவளின் கணவருக்காக ஒரு நொடியும் யோசிக்காமல் வார்டின் குறுக்கே ஓடி வந்த அந்தப் பெண், எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று என் கைகள் தாமாகவே கூப்பிக்கொள்கின்றன.